லிங்கன்–கென்னடி ஃபார்வேர்டு மறுபடி வந்துவிட்டது: நிஜமாகவே நடந்த அமெரிக்க விநோதங்களைச் சொல்லுங்கள்

ஏரிக்கரை எழுதியது:

காலையில் குடும்பக் குழுவில் சித்தப்பா அதை மறுபடி அனுப்பியிருக்கிறார். உங்களுக்கும் வந்திருக்கும். சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபர்கள் லிங்கனுக்கும் கென்னடிக்கும் நூறு வருட இடைவெளியில் ஒரே தலையெழுத்து என்று சொல்லும் பட்டியல். லிங்கனின் செயலாளர் பெயர் கென்னடி, கென்னடியின் செயலாளர் பெயர் லிங்கன், சுட்டவர்கள் இருவரும் சரியாக நூறு வருட வித்தியாசத்தில் பிறந்தவர்கள் என்று போய், கடைசியில் "உடம்பு சிலிர்த்தால் பத்துப் பேருக்கு அனுப்பவும்" என்று முடியும்.

கென்னடியிடம் ஈவ்லின் லிங்கன் என்ற செயலாளர் இருந்தது நிஜம். லிங்கனிடம் முக்கியமாக வேலை பார்த்தவர்கள் ஜான் நிக்கோலே, ஜான் ஹே என்ற இரண்டு இளைஞர்கள். கென்னடி என்று ஒருவர் இருந்ததற்கு ஆதாரமே கிடையாது. லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் பிறந்தது 1838, கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்டு பிறந்தது 1939. கணக்கு ஒரு வருடம் உதைக்கிறது. இதைக் குழுவில் எழுதினேன், "உனக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது" என்று பதில் வந்தது.

எனக்கு வருத்தம் என்னவென்றால், பொய்யான பட்டியலைப் பரப்புகிறவர்களுக்கு அதே குடும்பத்தில் நடந்த உண்மைக் கதை தெரியவில்லை. லிங்கனின் மூத்த மகன் ராபர்ட். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863 அல்லது 64, ஜெர்சி சிட்டி ரயில் நிலையம், இரவு நேரம். பெட்டி வாசலில் நின்ற கண்டக்டரிடம் படுக்கை இடம் வாங்க ஒரே நெரிசல். கூட்டம் தள்ளியதில் ராபர்ட் பெட்டியோடு ஒட்டி நிற்கிறார், அந்த நேரம் பார்த்து வண்டி நகர்கிறது, கால் சுழன்று நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் இறங்கிவிட்டார். கையாலாகாமல் தொங்கும்போது யாரோ கோட்டுக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பில் மேலே தூக்கிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் எட்வின் பூத், அன்றைக்கு நாடே கொண்டாடிய நாடக நடிகர். ஜான் வில்க்ஸ் பூத்தின் அண்ணன்! தான் காப்பாற்றிய பையன் யார் என்று அந்த நேரத்தில் பூத்துக்குத் தெரியாது. இதை ராபர்ட்டே பிற்பாடு கடிதமாக எழுதி வைத்திருக்கிறார்.

இது போதாதென்று, 1881-இல் அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது ராபர்ட் போர்த்துறை அமைச்சர், அதே ரயில் நிலையத்தில் இருந்தார். 1901-இல் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டபோது பஃபலோ நகருக்கு வந்து இறங்கியிருந்தார். அந்த மனிதர் மனதில் என்ன ஓடியிருக்கும்.

சரி, இந்த மாதிரி ஆதாரம் உள்ளவை உங்களிடம் இருந்தால் போடுங்கள். ஃபார்வேர்டு சரக்கு வேண்டாம்.

சில்லறை எழுதியது:

மீ த ஃபர்ஸ்ட்டு. துண்டு போட்டு உட்கார்ந்தாச்சு.

மாடிப்படி எழுதியது:

எனக்குப் பிடித்தவர் வில்மர் மெக்லீன். 1861 ஜூலை, உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை வர்ஜீனியாவில் புல் ரன் ஓடைக்கரையில் நடக்கப்போகிறது. பிரிந்துபோன தென் மாநிலங்களின் படைத் தளபதி போரகார்டு இவருடைய பண்ணை வீட்டைத்தான் தலைமையகமாக எடுத்துக்கொண்டார். சாப்பாடு தயாராகிற நேரத்தில் ஒரு பீரங்கிக் குண்டு வந்து சமையலறை அடுப்புக்குள் விழுந்தது. போதும்டா சாமி என்று மனிதர் குடும்பத்தோடு கிளம்பி, ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தள்ளி அப்பமாட்டக்ஸ் கோர்ட் ஹவுஸ் என்ற சின்ன ஊரில் போய் உட்கார்ந்தார். கோர்ட் ஹவுஸ் என்பது ஊர்ப் பெயரில் ஒரு பகுதிதான், கட்டடம் இல்லை, குழம்ப வேண்டாம்.

1865 ஏப்ரல் 9. தென்படைத் தளபதி லீ சரணடைய முடிவு செய்கிறார், பேச ஒரு இடம் வேண்டும். லீயின் உதவியாளர் அந்த ஊரில் எதிர்ப்பட்ட ஒருவரிடம் இடம் கேட்கிறார். எதிர்ப்பட்டவர் நம்ம மெக்லீன். முதலில் நாற்காலி மேஜை எதுவும் இல்லாத ஒரு வீட்டைக் காட்டிப் பார்த்தார், அது சரிப்படவில்லை, வேறு வழியில்லாமல் தன் வீட்டுக் கூடத்தையே கொடுத்தார். லீயும் வடபடைத் தளபதி கிராண்ட்டும் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுப் போன பிறகுதான் கூத்து. வடபடை அதிகாரிகள் ஞாபகார்த்தமாக வீட்டுச் சாமான்களைத் தூக்க ஆரம்பித்தார்கள். மேஜைக்கு ஜெனரல் ஷெரிடன் 20 டாலர் கொடுத்தார். பிரம்பு நாற்காலிகளை அறுத்துத் துண்டு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மெக்லீனுடைய சின்னப் பெண்ணின் துணிப் பொம்மையைக்கூட விடவில்லை. கூடத்தில் கிடந்த பொம்மையை அதிகாரிகள் பந்து மாதிரி தூக்கிப் போட்டு விளையாடி, கடைசியில் ஒருவர் சட்டைப் பைக்குள் கொண்டுபோய்விட்டார். 1990-களில்தான் அவருடைய வம்சாவளியினர் அதைத் திருப்பித் தந்தார்கள், இப்போது அந்த ஊரிலேயே காட்சிக்கு இருக்கிறது.

"போர் என் முற்றத்தில் தொடங்கி என் கூடத்தில் முடிந்தது" என்று அவர் சொன்னதாக ஒரு வசனம் உலவுகிறது. சொன்னாரோ இல்லையோ, சொல்ல முழு உரிமை அவருக்குத்தான்.

தராசு எழுதியது:

திருத்தம். போர் தொடங்கியது 1861 ஏப்ரலில், சம்டர் கோட்டையில். புல் ரன் முதல் பெரிய சண்டை, அவ்வளவுதான். லீ சரணடைந்ததோடு முடியவும் இல்லை, மற்ற தென்படைகள் அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆயுதத்தைப் போட்டன. இன்னொன்று, மெக்லீனை அப்பாவி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். தென்படைக்குச் சர்க்கரை வியாபாரம் செய்தவர், அடிமைகளை வைத்திருந்தவர். அந்த அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தவர் யாராக இருக்கும் என்று யோசித்தால் கதையின் ருசி கொஞ்சம் மாறும்.

மாடிப்படி எழுதியது:

ஐயா, நான் "முதல் பெரிய சண்டை" என்றுதான் எழுதியிருக்கிறேன், மறுபடி படிக்கவும். அடிமை விஷயம், ஒப்புக்கொள்கிறேன், எழுதியிருக்க வேண்டும்.

குளிர்க்காற்று எழுதியது:

பாஸ்டனில் குப்பை கொட்டி ஒன்பது வருடம் ஆகிறது, இந்த ஊர்க் கதையைச் சொல்லாவிட்டால் தப்பு. 1919 ஜனவரி 15, மதியம் சுமார் 12.40. நார்த் எண்ட் பகுதியில் கமர்ஷியல் தெரு ஓரம் ஒரு பெரிய இரும்புத் தொட்டி. உயரம் 50 அடி, விட்டம் 90 அடி. உள்ளே 23 லட்சம் காலன் மொலாசஸ், அதாவது சர்க்கரை காய்ச்சிய பிறகு மிஞ்சுகிற கறுப்புப் பாகு. நம் லிட்டர் கணக்கில் கிட்டத்தட்ட 87 லட்சம். அதிலிருந்து தொழிற்சாலை ஆல்கஹால் எடுப்பார்கள், முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கு அது தேவைப்பட்டது. தொட்டி வெடித்தது. 25 அடி உயர அலை, மணிக்கு 35 மைல் வேகம் என்று கணக்கிடுகிறார்கள். பாகு ஊர்ந்துதானே வரும் என்று நினைப்போம். தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், அத்தனை உயரத்திலிருந்து விழுகிறது, அப்புறம் எங்கே ஊர்வது? மேம்பால ரயிலின் இரும்புத் தூண்களை வளைத்துவிட்டது. தீயணைப்பு நிலையத்தை அஸ்திவாரத்திலிருந்து பெயர்த்துத் தள்ளியது. ஓடி முடிந்து பரவியதும் குளிரில் இறுகிவிட்டது, உள்ளே மாட்டியவர்களை எடுப்பது அதனாலேயே பெரும்பாடாகிவிட்டது. 21 பேர் செத்தார்கள், 150 பேர் போலக் காயம்.

அந்த இடத்தில் இப்போது பூங்கா, பிள்ளைகள் பேஸ்பால் ஆடுகிறார்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு பலகை. முதல் தடவை போனபோது பலகையைத் தேடிக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது, பக்கத்தில் நாயோடு நின்ற பெரியவரைக் கேட்டேன், "வெயில் காலத்தில் வா, வாசனை வரும்" என்றார். ஊரில் எல்லோரும் சொல்கிற பேச்சுதான் அது. நான் வெயில் காலத்திலும் போய்ப் பார்த்துவிட்டேன், கடல் வாடைதான் வந்தது.

சில்லறை எழுதியது:

பாகில் மூழ்கிச் சாவு... மன்னிக்கவும், படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வடிவேலு காமெடி மாதிரி இருக்கிறது.

குளிர்க்காற்று எழுதியது:

எல்லோருக்கும் முதலில் சிரிப்புதான் வருகிறது சில்லறை, எனக்கும் வந்தது. மீதியையும் கேளுங்கள்.

அந்தத் தொட்டி கட்டி முடித்த நாளிலிருந்தே ஒழுகியது. கட்டுமானத்தை மேற்பார்வை பார்த்தவர் கணக்குப் பிரிவு ஆள், வரைபடம் படிக்கத் தெரியாதவர். தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும் என்றால், 50 அடித் தொட்டியில் ஆறு அங்குலம் ஊற்றிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார். தகடு, வரைபடத்தில் இருந்ததைவிட மெலிசு. ஒழுகுகிறது என்று புகார் போனதும் கம்பெனி செய்த வேலை என்ன தெரியுமா? தொட்டிக்குப் பழுப்பு நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியாது இல்லையா.

சுற்றி இருந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள். பிள்ளைகள் தகர டப்பாவோடு வந்து, ஒழுகுகிற பாகைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அன்றைக்குச் செத்தவர்களில் பத்து வயதுப் பிள்ளைகள் இருவர்.

கம்பெனி உடனே, அரசை எதிர்க்கும் அனார்க்கிஸ்டுகள் குண்டு வைத்துவிட்டார்கள் என்றது. இத்தாலியர்கள் தெரு, சொன்னால் எடுபடும் என்று கணக்கு. வழக்கு வருடக்கணக்கில் நடந்தது, சாட்சியம் மட்டும் இருபதாயிரம் பக்கத்துக்கு மேல். கடைசியில் 1925-இல், நீதிமன்றம் நியமித்த ஹ்யூ ஆக்டன் என்ற அதிகாரி, குண்டும் இல்லை ஒன்றும் இல்லை, தொட்டி பலவீனம், பொறுப்பு கம்பெனிதான் என்று முடிவு சொன்னார். சுமார் 6,28,000 டாலர் இழப்பீடு. பழுப்புப் பெயின்ட் விஷயம் நமக்குத் தெரிவதே அந்த வழக்கால்தான்.

சில்லறை எழுதியது:

சிரித்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஏரிக்கரை எழுதியது:

குளிர்க்காற்றின் கடைசி வரியைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டுச் சரித்திரத்தில் விநோதம் அதிகம் என்று நாம் நினைக்கிறோம். எனக்கென்னவோ விநோதம் எல்லா ஊரிலும் ஒரே அளவுதான் நடக்கிறது, அவர்களிடம் பில்லும் ரசீதும் வழக்குக் கட்டும் கிடைக்கிறது, அதனால் நூறு வருடம் கழித்தும் யாராவது எடுத்துப் பார்த்து "அட" என்கிறார்கள்.

முதல் அதிபர் வாஷிங்டனின் பல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மரப்பல் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். மரமே கிடையாது. தந்தம், ஈயம், மிருகப் பல், மனிதப் பல் எல்லாம் கலந்த செட்டு, மவுண்ட் வெர்னானில் அவருடைய வீட்டு அருங்காட்சியகத்திலேயே ஒன்று இருக்கிறது. பதவியேற்றபோது வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. சின்ன வயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையைச் சொன்னார் என்பதும், அவர் செத்த பிறகு வாழ்க்கை வரலாறு எழுதிய வீம்ஸ் என்ற பாதிரியார் ஒட்டவைத்த கதை.

தராசு எழுதியது:

பல்லைத் தொட்டுவிட்டு ரசீதைச் சொல்லாமல் போகிறீர்களே. 1784 மே மாதம், அவருடைய வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி: பிரெஞ்சு பல் மருத்துவருக்காக நீக்ரோக்களிடம் ஒன்பது பல் வாங்கிய வகையில் 6 பவுண்டு 2 ஷில்லிங். அவருடைய பண்ணையில் இருந்த அடிமைகளின் பல். அந்த ஒன்பதும் அவர் வாய்க்குத்தான் போனதா என்று கணக்கில் எழுதவில்லை. காசு கொடுத்தாரே என்று வாதாட வருகிறவர்கள் உண்டு, வேண்டாம் என்று சொல்ல முடியாத ஆளிடம் வாங்கினால் அது என்ன விலை?

அதனால் ஏரிக்கரை, ரசீது இருக்கிறது என்று பாராட்டுங்கள், யார் எழுதிய ரசீது என்றும் பாருங்கள். பல்லைக் கொடுத்தவர்கள் எழுதிய கணக்கு எங்கே? ஒன்பது பல், ஆனால் ஒரு பெயர்கூட இல்லை.

ஏரிக்கரை எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஊசிமருந்து எழுதியது:

பொதுமருத்துவமனையில் வேலை. எங்கள் ஆட்கள் மானத்தை வாங்கிய கேஸ் ஒன்று சொல்கிறேன். மேலே கார்ஃபீல்டு பெயர் வந்ததே, அவர்தான். 1881 ஜூலை 2, வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் சுட்டான். தனக்குப் பதவி தரவில்லை என்ற காண்டு. துப்பாக்கி வாங்கும்போதே, நாளைக்கு அருங்காட்சியகத்தில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று தந்தப்பிடி போட்டதை வாங்கியவன்.

குண்டு முதுகுப் பக்கம் நுழைந்து, உயிருக்கு ஆபத்தில்லாத இடத்தில் போய்ப் பத்திரமாக நின்றுவிட்டது. சும்மா விட்டிருந்தால் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு. பொறுப்பு எடுத்துக்கொண்டவர் டாக்டர் வில்லார்டு பிளிஸ். 'டாக்டர்' என்பது பட்டம் மட்டும் இல்லை, பெற்றவர்கள் வைத்த முதல் பெயரே டாக்டர்! ஆக அவர் டாக்டர் டாக்டர் பிளிஸ். இந்த டபுள் டாக்டர் ரயில் நிலையத் தரையிலேயே, கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுக் குண்டைத் தேடினார். அப்புறம் வந்தவர்களும் ஆளுக்கு ஒரு விரல். கிருமி பற்றி பிரிட்டிஷ் டாக்டர் ஜோசப் லிஸ்டர் 1876-லேயே பிலடெல்பியாவுக்கு நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார், பெரிய டாக்டர்கள் பலர் அதை நம்பவில்லை.

டெலிபோன் புகழ் கிரகாம் பெல் குண்டைக் கண்டுபிடிக்கவென்றே உலோகம் காட்டும் கருவி ஒன்று செய்து எடுத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்கு வந்தார். குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று பிளிஸ் அடித்துச் சொல்லியிருந்தார், வலது பக்கம் மட்டும்தான் தேடவிட்டார். போதாததற்குப் படுக்கைக்கு அடியில் இரும்புக் கம்பி, கருவி கண்டபடி சத்தம் போட்டது. குண்டு இருந்தது இடது பக்கம். செப்டம்பர் 19 அன்று, 79 நாள் சித்திரவதைக்குப் பிறகு, உடம்பெல்லாம் சீழ் வைத்துச் செத்தார். "நான் சுட்டேன், கொன்றது டாக்டர்கள்" என்கிற வகையில் கிட்டோ கோர்ட்டில் வாதாடினான். அவனைத் தூக்கில் போட்டது சரியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை, ஆனால் அந்த வாதத்தை மருத்துவ மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம்.

ஒரு நல்ல விஷயமும் நடந்தது. வாஷிங்டன் வெயிலில் அவர் வெந்துபோகக் கூடாது என்று கடற்படை என்ஜினீயர்கள் ஒரு யந்திரம் செய்தார்கள். ஐஸ் தண்ணீரில் நனைந்த துணிகளுக்கு நடுவே மின்விசிறி மாதிரி ஒன்றால் காற்றை ஊதி, அறைக்குள் விடுவது. குளிரூட்டிய முதல் நோயாளி அறைகளில் ஒன்று. லட்சக்கணக்கான பவுண்டு ஐஸ் கரைந்ததாம்.

பைகிராப்ட்ஸ் ரோடு எழுதியது:

ஐஸ் என்று சொல்லிவிட்டீர்கள், நான் சும்மா இருக்க முடியாது. சென்னையில் எங்கள் ஏரியாவுக்கே பெயர் ஐஸ் ஹவுஸ். பிறந்ததிலிருந்து "ஐஸ் ஹவுஸ் ஸ்டாப் இறங்கு" என்று கண்டக்டர் சத்தம் கேட்டே வளர்ந்தவன், அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது என்று முப்பது வயதில்தான் தெரிந்தது. பாஸ்டனிலிருந்து. குளிர்க்காற்று, உங்கள் ஊர்தான்.

பிரெடரிக் டியூடர் என்று ஒரு பாஸ்டன் பணக்கார வீட்டுப் பிள்ளை. குளத்தில் சும்மா உறைந்து கிடக்கிற ஐஸை வெட்டி வெயில் நாட்டுக்கு விற்கலாம் என்று யோசனை. 1806-இல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பல், ஊரே சிரித்தது, பெரிய நஷ்டம். கடனுக்காகச் சிறைக்கும் போனார். விடவில்லை. மரம் அறுக்கும் ஆலைகளில் வேண்டாம் என்று கொட்டுகிற மரத்தூளைச் சுற்றிலும் அடைத்தால் ஐஸ் தாங்கும் என்று கண்டுபிடித்தார். வைத் என்ற கூட்டாளி, குதிரை பூட்டிய கலப்பை மாதிரி ஒரு கருவியால் குளத்தைச் சதுரம் சதுரமாகக் கீறி வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். ஐஸ் உழவு! 1833-இல் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்கு நாலு மாதம் போனது, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி. போய்ச் சேரும்போது 100 டன் போல மிச்சம். அப்புறம் பம்பாய், மெட்ராஸ். மெட்ராஸில் அப்போது துறைமுகம்கூடக் கிடையாது, கப்பல் தள்ளி நிற்கும், மசூலாப் படகில்தான் எல்லாச் சரக்கும் அலை தாண்டிக் கரைக்கு வரும். மண்டை பிளக்கிற வெயிலில் மசாசுசெட்ஸ் ஐஸ் படகில் வருவதை நினைத்துப் பாருங்கள். 1840-களில் கடற்கரையிலேயே அந்த வட்டமான கிடங்கைக் கட்டினார்கள்.

பிறகு யந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடத்தை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார். 1897-இல், சிகாகோ போய்ப் பேர் வாங்கிய விவேகானந்தர் திரும்பி வந்தபோது அங்கேதான் தங்கினார். இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் பெயர் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான்.

இதில் உச்சம் என்னவென்றால், எழுத்தாளர் தோரோ இருக்கிறாரே, பாஸ்டன் பக்கத்தில் வால்டன் குளக்கரையில் குடிசை போட்டு இருந்தவர், அந்தக் குளத்திலும் 1846-47 குளிர்காலத்தில் ஐஸ் வெட்ட ஆட்கள் வந்தார்கள். மெட்ராஸ்காரனும் பம்பாய்க்காரனும் என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப்போகிறான் என்று புத்தகத்தில் எழுதினார். காலையில் பகவத் கீதை படித்துக்கொண்டு. எங்கள் கொள்ளுத் தாத்தா வகையறா வால்டன் தண்ணீர் குடித்திருக்கலாம் என்று நான் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொள்வேன்.

சில்லறை எழுதியது:

இப்படிப் பார்த்தால் யேல் பல்கலைக்கழகமும் நம்ம ஜார்ஜ் கோட்டைக் காசுதானே? கவர்னராக இருந்த எலிஹு யேல்.

ஏரிக்கரை எழுதியது:

அதற்குத் தனி இழை திறவுங்கள், இங்கே ஆரம்பித்தால் தராசு விடிய விடிய எழுதுவார்.

தராசு எழுதியது:

எழுதத்தான் போகிறேன். அதற்கு முன்னால் பைகிராப்ட்ஸ் ரோடுக்கு ஒரு வருத்தமான திருத்தம். அதே புத்தகத்தில் அதே அத்தியாயத்தை இன்னும் கொஞ்சம் மேலே புரட்டுங்கள். அந்தக் குளிர்காலம் வால்டனில் வெட்டிய ஐஸைக் கரையில் பத்தாயிரம் டன் இருக்கும் என்கிற அளவுக்குக் கோபுரமாகக் குவித்து, வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். ஜூலையில் பிரித்துக் கொஞ்சத்தை எடுத்துப் போனார்கள். மீதி அப்படியே வெயிலில் கிடந்து, 1848 செப்டம்பர் வரை கரைந்துகொண்டே இருந்து, பெரும்பகுதி திரும்பக் குளத்துக்கே போய்விட்டது. தோரோவே எழுதியிருக்கிறார்.

பைகிராப்ட்ஸ் ரோடு எழுதியது:

கொஞ்சம் எடுத்துப் போனார்கள் இல்லையா? அந்தக் கொஞ்சம்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. ரசீது கேட்காதீர்கள்.